மூடுபனிக்குள் பிளாஸ்மா: வெட்டு கெட்டால் எங்கே பார்ப்பது

குன்னூரில் நாங்கள் நடத்தும் சிறு பட்டறையில் 45 ஆம்பியர் பிளாஸ்மா (மின் வில்லாலும் அழுத்தக் காற்றாலும் இரும்புத் தகட்டை வெட்டும் எந்திரம்) ஒன்றும் எட்டடிக்கு நாலடி சிஎன்சி மேசை (டார்ச்சை, அதாவது வெட்டும் தலையை, கணினி நகர்த்தும் மேசை) ஒன்றும் இருக்கின்றன. பாதி வேலை பெயர்ப்பலகை: வீட்டுப் பெயர், ஹோம்ஸ்டே, எஸ்டேட் கேட், கோயில் வளைவு. மீதி, தேயிலை ஃபேக்டரிகளுக்குப் போகும் பாகங்கள்: ஃபிளாஞ்ச், பிராக்கெட், மோட்டார் அடித்தட்டு, பெல்ட் கார்டு. எந்திரத்தோடு வரும் கையேடும் அதிலுள்ள வேக அட்டவணையும் நல்லவைதான். ஆனால் 1,850 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில், மூடுபனி பட்டறைக்குள்ளேயே வந்து நிற்கிற ஊரில் என்னென்ன கெடும் என்று அதில் இருக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊட்டி, கோத்தகிரிக்காரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு பழக்கம். வெட்டு கெட்டதும் திரையில் வேகத்தை மாற்றப் போகாதீர்கள். கெட்ட துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பிறகு காற்று, அடுத்து நாசிலும் எலக்ட்ரோடும் (டார்ச் முனையில் தேய்ந்து தேய்ந்து மாற்றவேண்டிய துண்டுகள்), அதற்கடுத்து எர்த் கிளாம்ப் (தகட்டை எந்திரத்தோடு இணைக்கும் பிடி). மூன்றும் சரி என்று தெரிந்த பிறகுதான் வேகம், உயரம், ஆம்பியர் எல்லாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்று கடைசி வரை தெரியாது.

நாசில் சீக்கிரம் போகிறது, டார்ச் துப்புகிறது

மலையில் இதுதான் முதல் புகார், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: காற்றில் தண்ணீர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். 15 டிகிரி குளிரில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 13 கிராம் நீராவியைச் சுமக்கிறது. குன்னூர் உயரத்தில் அந்தக் காற்றை மீட்டரில் 7 பார் காட்டும் வரை நெருக்கினால் அது பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்குகிறது. திரும்பக் குளிர்ந்ததும் சுமக்க முடியாத நீராவி எல்லாம் தண்ணீராக இறங்கிவிடும். 45 ஆம்பியர் டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 190 லிட்டர் அளவில் காற்று வேண்டும். ஒரு மணி நேரம் விடாமல் வெட்டினால் சுமார் 150 மில்லி தண்ணீர். அது எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். நீங்கள் வடிக்காவிட்டால் டார்ச் வழியாகப் போகும்.

சோதனை எளிது. எந்திரத்தைக் காற்று மட்டும் வரும் நிலையில் வையுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை டார்ச்சுக்குக் கீழே பத்து விநாடி பிடியுங்கள். ஈரப் பொட்டு விழுந்தால் தண்ணீர். மஞ்சளாகப் பிசுபிசுத்தால் கம்ப்ரசர் எண்ணெய். தாள் சுத்தமாக இருந்தால் காற்றை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

நாங்கள் ஒரு மழைக்காலம் முழுக்க இதில் சிக்கிக் கிடந்தோம். ஃபில்டர் இருந்தது, தினமும் டேங்க் வடித்தோம், ஆனாலும் நாசில் ஒரு நாளைக்கு ஒன்று போனது. "அண்ணே, இந்த நாசிலே மட்டம், வேற வாங்கலாம்" என்று பட்டறைத் தம்பி சொன்னான். நானும் வேறு வாங்கினேன், அதுவும் போனது. கம்ப்ரசரைப் பொருத்தித் தந்தவர் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது. தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டி, குழாயில் குளிர்ந்து, டார்ச்சுக்குப் பக்கத்தில்தான் துளியாகிறது. ஃபில்டரைக் கழற்றி மேசைக்குப் பக்கத்தில், குழாயின் கடைசியில் மாட்டினோம். அன்று மாலையே கிண்ணத்தில் தண்ணீர் நின்றது.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. கம்ப்ரசரிலிருந்து இரும்புக் குழாய் சுவரோடு நீளமாகப் போகிறது, போகிற திசையில் சற்றுச் சரிவாக. சரிவின் கடைசியில் கீழ்நோக்கி ஒரு முழ நீளக் குழாயும் அதன் அடியில் ஒரு வால்வும் உண்டு. மேசைக்குப் போகும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறோம், அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தேங்கிய தண்ணீரும் கூடவே வரும். அதற்குப் பிறகு ஃபில்டர், கடைசியாகச் சிலிகா ஜெல் நிரப்பிய உலர்த்தி. நீல மணி ரோஸ் நிறமானால் எடுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுகிறோம். கையில் காசு இருந்தால் குளிரூட்டி உலர்த்தி வாங்குவது இதைவிட நல்லது. எதுவும் வாங்க முடியாதவர்கள் குழாயையும் ஃபில்டர் இருக்கும் இடத்தையும் மட்டுமாவது இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பாதித் தொல்லை போய்விடும்.

காற்று சுத்தமாக இருந்தும் நாசில் போனால், வெட்டத் தொடங்கும்போது தகட்டைத் துளைக்கும் உயரத்தைப் பாருங்கள். 1.5 மி.மீ. உயரத்தில் வெட்டுகிற டார்ச் துளைக்கும்போது அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 3.8 மி.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். தாழ்ந்து நின்றால் உருகிய இரும்பு நேராக நாசில் முகத்தில் அடிக்கும். இன்னொன்று, 30 ஆம்பியர் நாசிலை மாட்டிவிட்டு 45-இல் ஓட்டுவது. கையில் இருக்கிறதே என்று செய்தால் ஒரே தகட்டில் துளை கிழிந்துவிடும்.

வில் பச்சையாக எரிகிறது

உடனே நிறுத்துங்கள். எலக்ட்ரோடின் நடுவில் ஹாஃப்னியம் என்னும் உலோகத்தில் சிறு பொட்டு ஒன்று உண்டு, வில் அதிலிருந்துதான் புறப்படுகிறது. அது குழிந்து தீர்ந்துபோனால் சுற்றியுள்ள செம்பு எரியும், பச்சை நிறம் அதனால்தான். தொடர்ந்து ஓட்டினால் டார்ச் தலையே உருகும். குழி 1 மி.மீ. ஆழம் வந்ததுமே மாற்றிவிடுங்கள், எலக்ட்ரோடையும் நாசிலையும் ஜோடியாக.

சின்ன வெட்டு சரி, நீள வெட்டில் பாதியில் அணைகிறது

மீட்டரைப் பார்த்துக்கொண்டே நீளமாக ஒரு கோடு வெட்டுங்கள். காற்று ஓடாதபோது காட்டும் அழுத்தம் எதையும் சொல்லாது, வெட்டும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் பேச்சு.

இங்கே மலையின் இரண்டாவது சிக்கல் வருகிறது. குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஊட்டியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. மேட்டுப்பாளையத்தில் தாராளமாகப் போதுகிற கம்ப்ரசர் அதே சுற்று சுற்றினாலும் இங்கே உறிஞ்சுவது மெலிந்த காற்று. கோவையில் கடைக்காரர் கம்ப்ரசரில் உள்ள விவரத் தகட்டைக் காட்டி "இது போதும் சார்" என்றால் அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி. நமக்கு அதற்குமேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்னொரு டேங்கைச் சேர்த்து மாட்டுங்கள். பலகை வேலையில் டார்ச் நின்று நின்றுதான் எரிகிறது, அந்த இடைவெளியில் கம்ப்ரசர் ஈடுகட்டிவிடும். குழாயும் ஹோஸும் குறுகலாக இருந்தாலும் இதே அறிகுறிதான், ஆகவே கால் அங்குல ஹோஸை அரை அங்குலமாக்கிப் பார்த்த பிறகு பெரிய செலவுக்குப் போங்கள்.

டார்ச் பற்றவே இல்லை, அல்லது பற்றித் தகட்டுக்கு இறங்கவில்லை

பற்றவே இல்லை என்றால் டார்ச் மூடியைக் கழற்றித் திரும்ப இறுக்குங்கள். மூடி தளர்ந்திருந்தால் பாதுகாப்புச் சுவிட்ச் எந்திரத்தை எழும்ப விடாது. சிறு வில் வந்து தகட்டைத் தொடாமல் அணைந்தால் கிளாம்ப். மேசைக் கம்பிகள் கசடு மூடியிருக்கும், அவற்றில் மாட்டிய கிளாம்பால் பயனில்லை. தகட்டிலேயே மாட்டுங்கள், மாட்டும் இடத்தைக் கிரைண்டரால் பளபளவென்று தேய்த்துவிட்டு. மழைக்காலத்தில் ஒரு வாரம் சாத்திவைத்த தகட்டில் வரும் மெல்லிய துருவே போதும், மின்சாரம் சரியாகப் போகாது.

அடியில் கசடு ஒட்டுகிறது

கசட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். உருண்டை உருண்டையாகத் தடித்து, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் பட்டையாக உதிர்ந்தால் வேகம் குறைவு. கம்பி போல மெலிதாக, தகட்டோடு பற்றவைத்தது போல் ஒட்டி, கிரைண்டர் வைத்தால்தான் போகும் என்றால் வேகம் அதிகம். விளிம்பில் தெரியும் கோடுகளும் இதையே சொல்லும்: வேகம் கூடிவிட்டால் அவை பின்னோக்கி நன்றாக வளைந்து கிடக்கும். மேல்முகத்தில் சிதறல் தெறித்திருந்தால் டார்ச் உயரமாக ஓடுகிறது.

வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக மாற்றி, ஒரே தகட்டில் ஐந்து கோடு வெட்டி, பக்கத்தில் சாக்பீஸால் எண் எழுதிவையுங்கள். அந்தத் தகட்டை எறியாமல் சுவரில் மாட்டுங்கள். எங்கள் சுவரில் 1.6, 2, 3, 6 மி.மீ. நான்கும் தொங்குகின்றன, கையேட்டைவிட அவற்றைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

விளிம்பு சாய்ந்திருக்கிறது

நாலு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்தால் உயரம். மேல்முகம் சிறுத்துக் கீழ்முகம் அகன்றால் டார்ச் அதிக உயரத்தில் ஓடுகிறது, மேல்முகம் அகன்றால் தாழ்வாக ஓடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் டார்ச்சை மூலைமட்டம் வைத்துச் செங்குத்தா என்று பாருங்கள், அப்புறம் நாசில் துளையை லென்ஸில் பாருங்கள். துளை வட்டமாக இல்லாமல் முட்டையாக இருந்தால் வேறு எதையும் தொடவேண்டாம், நாசிலை மாற்றுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, பலரைச் சுற்றவைப்பது. பாகம் சாய்வாக இருக்கிறது, ஆனால் கழிவாக விழுந்த துண்டு கத்தியால் அறுத்தது போல் நேராக இருக்கிறது. திசை தலைகீழ் என்று பொருள். காற்று டார்ச்சுக்குள் சுழன்று வருவதால் போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேரான பக்கம். ஆகவே வெளிக்கோட்டைக் கடிகாரம் சுற்றும் திசையிலும் உள்ளே இருக்கும் துளைகளை எதிர்த்திசையிலும் வெட்டவேண்டும். மென்பொருளில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருந்தால் திசையும் கூடவே திரும்பியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

டார்ச் தகட்டில் இடிக்கிறது

எப்போது இடிக்கிறது என்று கவனியுங்கள். தொடங்கும்போதே அழுத்துகிறது என்றால், தகட்டைத் தொட்டு உயரம் அறியும் தொடு உணர்வு வேலை செய்யவில்லை, துருவோ பெயின்ட்டோ நடுவில் இருக்கிறது. அதற்கு மாறாக, காற்றிலேயே நின்று தகட்டைத் தொட்டதாக நினைத்துப் பற்றவைத்தால் ஷீல்டில் (டார்ச் முனையின் வெளிமூடியில்) தண்ணீர்ப் படலம். தகட்டுக்குக் கீழே தண்ணீர் நிற்கும் தண்ணீர் மேசையில் இது அடிக்கடி வரும், ஊதிக் காயவைத்தால் சரியாகும். மூலைகளில் மட்டும் குனிகிறது என்றால், மூலையில் வேகம் குறைவதால் வில்லின் வோல்டேஜ் ஏறுகிறது, உயரக் கட்டுப்பாடு அதை உயரம் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு டார்ச்சை இறக்குகிறது. வேகம் குறையும் இடத்தில் அந்தக் கட்டுப்பாடு தானாக ஓய்வெடுக்கும்படி அமைப்பில் வையுங்கள். காலையில் சரியாக ஓடி மாலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தால் எலக்ட்ரோடு குழிகிறது.

வில் பற்றியதும் கணினி உறைகிறது

டார்ச்சை அணைத்துவிட்டு அதே கோப்பை ஓட்டுங்கள். ஒழுங்காக முடிந்தால் மின் இரைச்சல், அப்போதும் தடுமாறினால் மோட்டார், பெல்ட், கோப்பு. இரைச்சல் என்றால் டார்ச் கேபிளும் கட்டுப்பாட்டு வயர்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், பிரித்து ஒரு முழம் தள்ளுங்கள். மேசைக்குத் தனி எர்த் கம்பி இறக்கி, எல்லா எர்த்தையும் மேசையில் ஒரே புள்ளியில் சேருங்கள். லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனை.

அளவு தப்புகிறது, வட்டம் வட்டமாக இல்லை

100 மி.மீ. சதுரத்தின் நடுவில் 50 மி.மீ. வட்டம் வைத்து வெட்டுங்கள். சதுரம் 98.5 ஆகவும் துளை 51.5 ஆகவும் வந்தால் வெட்டு அகலத்தை ஈடுகட்டும் அமைப்பு அணைந்திருக்கிறது. ஒரு அச்சில் மட்டும் தப்பினால் பெல்ட்டோ பினியனோ தளர்ந்திருக்கிறது. தகட்டின் தடிமனுக்கு இரண்டு மடங்குக்குக் குறைந்த துளை என்றால் வேகத்தை அட்டவணையில் உள்ளதில் 60 சதவீதமாக்குங்கள். தடிமனைவிடச் சிறிய துளையைப் பிளாஸ்மாவில் எதிர்பார்க்காதீர்கள். மையப்புள்ளி மட்டும் போட்டு டிரில் செய்யுங்கள், ஃபேக்டரிக்குப் போகும் போல்ட் துளை என்றால் கண்டிப்பாக.

எழுத்து விழுந்துவிடுகிறது, எழுத்தே மாறுகிறது

இந்தப் பகுதியை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை. நம் எழுத்துக்கு நாமேதான் எழுதிக்கொள்ளவேண்டும்.

"அன்பு இல்லம்" என்று ஒரு பலகை. எழுத்தையே துளையாக வெட்டினால் அ, ன, இ, ல, ம எல்லாவற்றிலும் சுழிக்குள்ளும் வளைவுக்குள்ளும் இருக்கும் தீவுகள் கழன்று தண்ணீரில் விழும். ஒவ்வொரு தீவையும் வெளித்தகட்டோடு இணைக்க ஒரு சிறு பாலம் விடவேண்டும். 2 மி.மீ. தகட்டுக்கு 4 மி.மீ. பாலம் என்பது எங்கள் அளவு, அதற்குக் குறைந்தால் சூட்டில் சுருண்டுவிடுகிறது. பாலத்தை எங்கே வைப்பது என்பது கலை. எழுத்தை எழுதும்போது கை தொடங்குகிற இடத்தில் வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. சுழியின் நடுவயிற்றில் வைத்தால் ன என்பது வேறு ஏதோ மாதிரி தெரியும்.

எழுத்தைத் தகடாகவே வெட்டி எடுத்தால் சிக்கல் மாறுகிறது. இப்போது தீவு பிரச்சினை இல்லை, புள்ளி பிரச்சினை. ன், ல், ம் மூன்றின் புள்ளியும் தனித்தனிச் சில்லாக விழும். அவற்றைத் தேடி எடுத்து ஒட்டாமல் விட்டால் பலகை "அனபு இலலம" ஆகிவிடும். ஒரு எஸ்டேட் கேட்டுக்கு நாங்கள் செய்த பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனது. கேட்டில் ஏற்றிய பிறகுதான் எஸ்டேட் ரைட்டர் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எங்க பேரையே மாத்திட்டீங்களே." அவர் கோபப்படவில்லை, ஆனால் அந்தப் பெயரோடு வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது வரைபடத்திலேயே புள்ளியை மெல்லிய காம்பால் எழுத்தோடு இணைத்துவிடுகிறோம், அல்லது பின்தகடு ஒன்று வைத்து அதில் பற்றவைக்கிறோம். வெட்டுவதற்கு முன் புள்ளிகளை எண்ணித் தாளில் குறித்துக்கொள்கிறோம், வெட்டிய பின் மறுபடி எண்ணுகிறோம்.

கொம்பு இடம் மாறி நிற்கிறது, "கோ" என்பது உடைந்து தெரிகிறது என்றால் எந்திரத்தின் மேல் குற்றமில்லை. பல வரைபட மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. இங்க்ஸ்கேப்பில் யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றிய பிறகு வெளியே எடுங்கள். பாதையாக மாற்றியதும் ஒன்றோடொன்று ஏறிக் கிடக்கும் கோடுகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் "கி"யின் வளைவு க-வுக்குள் புகுந்து டார்ச் எழுத்தை நடுவில் அறுத்துவிடும். டிடிபி கடையிலிருந்து பழைய எழுத்துருவில் கோப்பு வந்தால் வாங்காதீர்கள். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பெயர் குப்பையாகத் தெரியும்.

மெல்லிய தகடு பலகைகள் அலையாக நெளிந்தால், வரிசையாக வெட்டாமல் ஒரு எழுத்து இந்தக் கோடியில், அடுத்தது அந்தக் கோடியில் என்று சூட்டைப் பரப்புங்கள். வெளிக்கோட்டைக் கடைசியாக வெட்டுங்கள்.

வெட்டியவருக்கு இரவில் குளிர்காய்ச்சல்

குளிர் என்று கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு வெட்டுவது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டை வெட்டினால் துத்தநாகப் புகை வரும், சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், அதனால்தான் பலர் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். மூச்சு வாங்கினாலோ மறுநாளும் குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போய் இன்ன வேலை செய்தேன் என்று சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகை இதைவிட மோசம், அதில் நெடுநாள் கேடு உண்டு. புகையை வெளியே இழுக்கும் விசிறி இல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள். தண்ணீர் மேசையில் அலுமினியம் வெட்டினால் அடியில் ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கலாம், எங்கள் பட்டறையில் அந்த வேலையை எடுப்பதே இல்லை.

ஒரே மழையில் விளிம்பில் பெயின்ட் உரிகிறது

முகத்தில் பெயின்ட் நிற்கிறது, வெட்டிய விளிம்பில் மட்டும் உரிகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பிளாஸ்மாச் சூட்டில் அது விளிம்பு இரும்புக்குள் ஏறிக் கடினமான மெல்லிய தோலாகிவிடுகிறது, மேலே ஆக்சைடு வேறு படிந்திருக்கும். பெயின்ட் அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டு தோலோடு போய்விடும். அதே விளிம்பில் வெல்டிங் வைத்தால் துளைத்துளையாக வருவதற்கும் இதுதான் காரணம். விளிம்பு முழுவதையும் ஃபிளாப் டிஸ்க்கால் வெள்ளி நிறம் வரும் வரை தேயுங்கள், கூர்மையான ஓரத்தைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், ஏனென்றால் கூர் ஓரத்தில் பெயின்ட் மெலிந்துவிடும். எழுத்தின் உட்சுழிக்குள் டிஸ்க் போகாது, அங்கே கை அரம்தான்.

தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். குன்னூரில் ஒரு இரவு விட்டால் காலையில் மஞ்சள் துரு வந்திருக்கும். தகடு குளிர்ந்து வியர்த்திருந்தால் ஹீட் கன்னால் சூடாக்கிக் காயவைத்த பிறகு அடியுங்கள். மாட்டும்போது சுவருக்கும் பலகைக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும், பின்பக்கம் வழியும் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும்.